மணலோடு ஒட்டிய தார்

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் வீதி போட்டுக்கொண்டிருந்தார்கள். தார்ப் பீப்பாயைச் சரித்து வைத்து, அடியில் விறகு மூட்டி, உருகி வருவதை வாளியில் பிடித்துச் சல்லிக்கல்லின் மேல் ஊற்றுவார்கள். காப்பட் வீதியெல்லாம் வராத காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நான், ஆறியிருக்கும் என்று நினைத்து வெறுங்காலை வைத்துவிட்டேன். சூடு ஆறித்தான் இருந்தது, ஒட்டுத்தான் ஆறவில்லை. அடி விழும் என்ற பயத்தில் கடற்கரைக்கு ஓடி மணலில் காலைத் தேய்த்தேன். தார் போகவில்லை. மணல்தான் வந்து சேர்ந்தது. வீடு திரும்பும்போது உள்ளங்கால் முழுக்கக் கறுப்பு மணல் அப்பியிருந்தது.

அம்மா கிணற்றடியில் இருத்தி முதலில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், நுரைதான் வந்தது. கடைசியில் அரிக்கன் லாம்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து, கிழிந்த சாரத் துண்டில் நனைத்துத் துடைத்தார். தார் இளகித் தேயிலைச் சாயம் போல வழிந்தது, மணல் பொலபொலவென்று விழுந்தது. ஆனால் கால் இப்போது மண்ணெண்ணெயாக நாறியது. அதைப் போக்கத் திரும்பவும் சவர்க்காரமும் தண்ணீரும் தேவைப்பட்டன. எல்லாம் முடிந்த பிறகு அம்மாவின் கையில் ஒரு பிரச்சினை மிஞ்சி நின்றது. அந்தத் துணியை எங்கே போடுவது? அடுப்பில் போட்டால் குப்பென்று பற்றும், கிணற்றடியில் போட்டால் தண்ணீரில் ஊறும், வளவுக்குள் எறிந்தால் கோழி கிண்டும். இரண்டு மூன்று நாள் அது வேலிக் கதிகாலில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

இந்தக் கதையை இப்போது நினைக்கக் காரணம் அக்காவின் மகன். தம்பிலுவிலில் வயலும் வரம்புமாக வளர்ந்தவன், இப்போது கனடாவில் போர்ட் மக்மரி என்ற ஊரில் கனரக வாகனம் ஓட்டுகிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கையுறை போட்ட உள்ளங்கையில் கட்டியாகக் கறுப்பு மண், கோப்பித்தூளைக் குழைத்து வைத்தது போல. “மாமா, இந்த மண்ணுல இருந்துதான் எண்ணெய் எடுக்கிறாங்க. எப்பிடி எண்டு உங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க” என்று ஒரு குரல் செய்தி. நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். படத்தைப் பார்த்ததும் எனக்கு என் உள்ளங்கால்தான் ஞாபகம் வந்தது.

அவன் கையில் இருந்தது தார் மணல். எண்ணெய் மணல் என்றும் சொல்வார்கள். உண்மையில் அதில் இருப்பது தார் அல்ல. தார் என்பது நிலக்கரியையோ மரத்தையோ காற்றில்லாமல் சூடாக்கி எடுப்பது. மணலில் ஒட்டியிருப்பது இயற்கையாகவே நிலத்துக்குள் உண்டான கெட்டி எண்ணெய், பிற்றுமின். தமிழில் நிலக்கீல் என்று அழகான சொல் இருக்கிறது. கீல் என்றாலே பழைய தமிழில் இந்தக் கறுப்புப் பிசின்தான். நம் வீதிகளுக்கு ஊற்றும் ‘தாரும்’ இன்று பிற்றுமின்தான், மசகெண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் மண்டி. ஆனாலும் ஊர் வாய்க்குத் தார் என்றால்தான் விளங்கும், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் இந்த மணல் கிடக்கும் பரப்பு ஏறத்தாழ 1,42,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதில் மேலே இருந்து தோண்டி எடுக்கக்கூடிய பகுதி சுமார் 4,800 சதுர கிலோமீற்றர்தான், அம்பாறை மாவட்டத்தை விடச் சற்றே பெரிது. மற்றதெல்லாம் ஆழத்தில் கிடக்கிறது. அதபாஸ்கா ஆற்றங்கரையில் இது வெயில் நாளில் கசிந்து வடியும். அங்குள்ள பழங்குடி மக்கள் அதை ஊசியிலை மரப் பிசினோடு கலந்து தோணியின் மூட்டுகளை அடைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கம் போன அலெக்சாண்டர் மெக்கன்சி என்ற வணிகர் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தோணிக்குப் பூசியது போலத்தான். ஊர் ஊருக்குப் பிசின் வேறு, ஓட்டை ஒன்றுதானே.

சரி, அந்த மணலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது? நல்ல மணல் என்றால் எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு மணல், கொஞ்சம் களி, கொஞ்சம் தண்ணீர். ஒரு பரல் பிற்றுமின் எடுக்க ஏறக்குறைய இரண்டு தொன் மணல் தோண்ட வேண்டும். ஒரு பரல் என்பது 159 லீற்றர். நம் கணக்கில் சொன்னால், வீடு கட்ட ஒரு கியூப் மணல் பறிப்பிக்கிறோமே, அந்த அளவு தார் மணலில் இரண்டு மூன்று பரல் மட்டில்தான் தேறும். மருமகன் ஓட்டும் லொறி ஒரு தடவைக்கு 400 தொன் ஏற்றும். அதன் சில்லு அவனைப் போல இரண்டு ஆள் உயரம்.

எண்ணெய் என்றதும் கிணறு தோண்டினால் பொங்கி வரும் என்று நினைப்போம். இது வராது. காரணம் அதன் இறுக்கம். பௌதிகப் புத்தகத்தில் பிசுக்குமை என்று படித்திருப்பீர்கள், ஒரு திரவம் ஓட எவ்வளவு அடம் பிடிக்கிறது என்பதன் அளவு. தண்ணீரின் பிசுக்குமையை 1 என்று வைத்தால் தேங்காயெண்ணெய் சில பத்துகளில் வரும். தேன் ஆயிரக்கணக்கில் வரும். மீன்பாடும் தேன்நாட்டுக்காரருக்குத் தேன் எவ்வளவு சோம்பலாக ஒழுகும் என்று சொல்லத் தேவையில்லை. அல்பேர்ட்டா நிலத்தின் குளிரில் பிற்றுமினின் கணக்கு 10 இலட்சத்தைத் தாண்டும். குழாயைச் செருகி உறிஞ்ச முடியாது. ஆனால் இதே பொருளை 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் சமையல் எண்ணெயை விட இலேசாக ஓடும். வீதிக்காரர் பீப்பாய்க்கு அடியில் விறகு மூட்டியது அதற்குத்தான்.

ஆகவே இறுக்கத்துக்கு மருந்து இரண்டு. ஒன்று சூடு, மற்றது கரைப்பான். அம்மா மண்ணெண்ணெயால் செய்தது இரண்டாவது. பிற்றுமினும் ஐதரோகாபன், அதாவது காபனும் ஐதரசனும் சேர்ந்த பொருள், மண்ணெண்ணெயும் ஐதரோகாபன், ஒரே குலம். பெரிய மூலக்கூறுகளுக்கு இடையில் சின்ன மூலக்கூறுகள் புகுந்து பிரித்துவிடுகின்றன. பலாப்பழம் வெட்ட முதல் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசுகிறோமே, அதுவும் இதே சங்கதிதான். பலாப்பால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். தண்ணீர் முனைவுள்ளது, இவை முனைவற்றவை, ஒன்றோடு ஒன்று சேரா என்று வகுப்பில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பலாப்பழத்தைச் சொன்னால்தான் சிரிப்பார்கள்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இடிக்கும். தண்ணீரால் தாரை ஒன்றும் செய்ய முடியாது என்றால், கனடாவில் தார் மணலை ஏன் தண்ணீரால் கழுவுகிறார்கள்? ஆம், கழுவத்தான் செய்கிறார்கள். பெரிய அளவில் தோண்டி எடுக்கும் இடங்களில் முதல் வேலையே சுடுதண்ணீர்க் குளிப்புத்தான். என் காலில் தோற்ற தண்ணீர் அங்கே எப்படி வென்றது?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பயமுறுத்துவார்கள். ஒட்டினவரை யாராவது கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஒட்டியது பாயோ, பாய்க்கு மேல் விரித்த சீலையோ என்று. அதபாஸ்கா மணலில் அப்படி ஒரு சீலை இருக்கிறது. குவாட்ஸ் என்ற பளிங்கால் ஆன மணல் மணிக்குத் தண்ணீர் என்றால் விருப்பம். அங்கே ஒவ்வொரு மணல் மணியையும் சுற்றி மிக மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது, அதற்கு வெளியேதான் பிற்றுமின் இருக்கிறது என்பது வழக்கமான விளக்கம். படலத்தின் தடிப்பு 10 நனோமீற்றர் அளவு, தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிற்றுமின் மணலைத் தொடவில்லை, தண்ணீரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. எனவே வெளியில் இருந்து ஊற்றும் சுடுதண்ணீர் பிற்றுமினைக் கரைக்க வேண்டியதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீரோடு கை கோத்துவிட்டால் போதும், பிற்றுமின் தானாகக் கழன்று திரளும். என் காலில் தார் நேரே தோலில் ஒட்டியது. நடுவில் சீலை இல்லை.

இதை வகுப்பில் இரண்டு ஜாம் போத்தலை வைத்துச் செய்து காட்டுவேன். கடற்கரை மணலைக் கழுவி உப்பைப் போக்கி வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஒரு போத்தலில் காய்ந்த மணலோடு மோட்டார் சைக்கிள் கராஜில் வாங்கிய கழிவு ஒயிலைப் பிசைந்து போடுவேன். மற்றப் போத்தலில் மணலை முதலில் தண்ணீரால் ஈரமாக்கி, பிறகு அதே அளவு ஒயிலைப் பிசைவேன். ஒரு நாள் இருக்க விட்டு இரண்டிலும் சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, குலுக்க வேண்டும். ஈரமாகப் பிசைந்த போத்தலில் ஒயில் சுறுக்காக மேலே வந்துவிடும், அடியில் மணலின் நிறம் தெரியும். காய்ந்த மணல் போத்தலில் அடி மண் அழுக்காகவே கிடக்கும், குலுக்கக் குலுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். முன் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடுத்த வகுப்புக்கு மேசையைத் துடைக்கும் வேலை எனக்கு.

இந்தச் சுடுதண்ணீர் வழியை ஒழுங்கான முறையாக ஆக்கியவர் கார்ல் கிளார்க். 1920களில் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் இருந்து வேலை செய்த ஆய்வாளர். தொடக்கத்தில் வீட்டில் துணி தோய்க்கும் இயந்திரத்தில்தான் தார் மணலைப் போட்டுச் சுழற்றினார் என்று சொல்வார்கள். அவர் கண்ட வழியில் முக்கியமானது, தண்ணீரில் சிறிதளவு எரிசோடா சேர்ப்பது. பிற்றுமினுக்குள்ளேயே சேதன அமிலங்கள் கொஞ்சம் இருக்கின்றன. காரம் பட்டதும் அவை சவர்க்காரம் போன்ற பொருளாக மாறுகின்றன. தேங்காயெண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்து சவர்க்காரம் ஆவது போல, தார் தன்னைக் கழுவுவதற்கான சவர்க்காரத்தைத் தானே செய்துகொள்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிளார்க் 1966 டிசம்பரில் காலமானார். அவருடைய முறையில் இயங்கிய முதல் பெரிய ஆலை திறக்கப்பட்டது 1967 செப்டெம்பரில்.

கழன்ற பிற்றுமினை மேலே கொண்டு வருவது அடுத்த வேலை. எண்ணெய் தானாக மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். பிற்றுமினின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிகக் கிட்ட இருக்கிறது, மிதப்பதா தாழ்வதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் எண்ணெய் அது. அதற்குக் கை கொடுப்பது காற்று. நொறுக்கிய மணலைச் சுடுதண்ணீரோடு குழைத்துச் சேறாக்கி, கிலோமீற்றர்க் கணக்கில் குழாய் வழியே தள்ளுகிறார்கள். போகிற வழியிலேயே கட்டிகள் உடைகின்றன, பிற்றுமின் கழல்கிறது, காற்றுக் குமிழிகள் அதில் ஒட்டுகின்றன. அந்தக் காலத்தில் தண்ணீர் 80 பாகை வரை சூடாக இருந்தது. இப்போது 50 பாகை அளவிலேயே முடித்துவிடுகிறார்கள், எரிபொருள் மிச்சம். குழாயின் முடிவில் அடி கூம்பிய பென்னம்பெரிய தாங்கி. அதற்குள் மணல் அடிக்குப் போகிறது, நுரை மேலே வருகிறது.

அரிக்கன் சட்டியில் அரிசி அரித்த யாருக்கும் இந்தத் தாங்கியைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. சட்டியின் உட்புறத்தில் வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி அரித்தால் இலேசான அரிசி தண்ணீரோடு அடுத்த சட்டிக்குப் போகும், பாரமான கல்லும் மணலும் வரிகளில் தங்கும். உமி மேலே மிதக்கும். எது மிதக்கும், எது தாழும், எது நடுவில் நின்று சண்டித்தனம் பண்ணும் என்று மூன்றாகப் பிரியும் வேலைதான் அங்கேயும். அந்த நடுவில் நிற்பதுதான் களி. மணல் போலத் தாழவும் மாட்டாது, நுரை போல எழவும் மாட்டாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மேலே வழித்தெடுக்கும் நுரையில் 60 சதவீதம் பிற்றுமின், 30 சதவீதம் தண்ணீர், 10 சதவீதம் மணலும் களியும். இதை அப்படியே சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப முடியாது, உப்பும் மண்ணும் இயந்திரத்தைத் தின்றுவிடும். இங்கேதான் அம்மாவின் மண்ணெண்ணெய்ப் போத்தல் வருகிறது. நுரைக்குள் நப்தா என்ற கரைப்பானை விடுகிறார்கள். அது பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சொந்தக்காரன். நப்தா கலந்ததும் பிற்றுமின் இளகி, அடர்த்தியும் குறைகிறது. இதுவரை அதற்குள் சிக்கியிருந்த தண்ணீர்த் துளிகளும் மண்ணும் இப்போது தாழ வழி கிடைக்கிறது. சரிவாக அடுக்கிய தட்டுகளில் படிய விட்டும், மையநீக்கப் பொறியில் சுழற்றியும் பிரிக்கிறார்கள். பிறகு சூடாக்கினால் நப்தா ஆவியாகிப் பிரியும், அதைக் குளிர வைத்துத் திரும்பவும் பாவிக்கலாம்.

இன்னொரு வகைக் கரைப்பானும் உண்டு. பென்ரேன், எட்சேன் போன்ற இலேசான பரபின்கள். இவற்றின் குணம் கொஞ்சம் விசித்திரம். பிற்றுமினில் அஸ்பால்ற்றீன் என்று மிகப் பாரமான மூலக்கூறுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. தொலுயீன் என்ற கரைப்பானில் அது கரையும், பென்ரேனில் கரையாது. ஆகவே பென்ரேனைத் தேவையான அளவு ஊற்றினால் அஸ்பால்ற்றீனில் ஒரு பகுதி திரைந்து விழும். பாலில் தேசிக்காய்ப் புளி விட்டது போல. விழும்போது தனியே விழாது, தண்ணீர்த் துளியையும் களியையும் கட்டி இழுத்துக்கொண்டு விழும். மேலே நிற்கும் எண்ணெய் நப்தா முறையில் வருவதை விட மிகச் சுத்தமாக இருக்கும். அஸ்பால்ற்றீன் கொஞ்சம் நட்டப்படும். பாலைத் திரைத்தால் பால் குறையத்தானே செய்யும்.

“மறுகா ஏன் சேர் தண்ணி? முதல்லயே கரைப்பான ஊத்திக் கழுவினா முடிஞ்சுதே” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கேட்டவள் வழமையாகப் பின் வாங்கில் இருந்து தூங்குகிறவள்.

முடியும். ஆய்வுகூடத்தில் தொலுயீனை ஊற்றினால் தார் மணல் சில நிமிடத்தில் வெளுத்துவிடும். மணலில் எவ்வளவு பிற்றுமின் இருக்கிறது என்று அளப்பதே தொலுயீனால் கழுவித்தான். தண்ணீர் வேண்டாம், சேறு வேண்டாம், கழிவுக்குளம் வேண்டாம். சிக்கல் என் காலை நாறடித்த மண்ணெண்ணெயில் இருக்கிறது. கழுவிய மணலின் இடுக்குகளில் கரைப்பான் ஊறி நிற்கும். அதை விட்டுவிட முடியாது. ஒன்று, அதன் விலை பிற்றுமினின் விலையை விட அதிகம். மற்றது, தீப்பிடிக்கும், காற்றில் கலக்கும், நிலத்தடி நீரில் இறங்கும். அல்பேர்ட்டாவில் 1,000 பரல் பிற்றுமினுக்கு 4 பரலுக்கு மேல் கரைப்பானை இழக்கக் கூடாது என்பது ஆலைகளுக்கான கட்டுப்பாடு. 2,000 தொன் மணலைக் கரைப்பானில் ஊற வைத்து எடுத்த பிறகு, அதில் 4 பரல் மட்டும் தங்கலாம் என்றால் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு மணலையும் சூடாக்கி உலர்த்த வேண்டும். எரிபொருள் எடுப்பதற்கே எரிபொருளைக் கொட்ட வேண்டி வரும்.

ஆனால் தண்ணீர் எல்லா இடத்திலும் எடுபடாது. அமெரிக்காவில் யூற்றா மாநிலத்துத் தார் மணலில் நான் சொன்ன சீலை இல்லை. பிற்றுமின் நேரே மணலைப் பிடித்திருக்கிறது, என் கால் போல. வெறும் சுடுதண்ணீர் அங்கே திணறும். கரைப்பான் முதலில் போய்ப் பிடியைத் தளர்த்தினால்தான் தண்ணீருக்கு வேலை. 2010களில் அங்கே ஒரு நிறுவனம் தோடம்பழத் தோலில் இருந்து எடுக்கும் லிமோனீன் என்ற எண்ணெயைக் கரைப்பானாக வைத்து முயன்றது. தோடம்பழத் தோலை விளக்குச் சுடரில் பிழிந்து விளையாடியிருப்பீர்கள், பொறி பறக்குமே, அந்த எண்ணெய்தான். பெரிய அளவில் நிலைக்க முதலே உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்தது, நிறுவனமும் விழுந்தது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வேறொன்றை முயன்றார்கள். அயன் திரவம் என்று ஒரு வகை உண்டு. உப்புத்தான், ஆனால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு. தார் மணலோடு இதையும் கொஞ்சம் கரைப்பானையும் கலந்து, சூடாக்காமலே கலக்கி வைத்தால் மூன்று தட்டாகப் பிரிகிறது. மேலே கரைப்பானில் கரைந்த பிற்றுமின், நடுவில் அயன் திரவம், அடியில் மணல். மணலில் ஒட்டிய அயன் திரவத்தைத் தண்ணீரால் கழுவி எடுக்கலாம், ஏனென்றால் அது தண்ணீரில் கரையும். அம்மா செய்த அதே ஒழுங்கு. முதலில் எண்ணெய்க் குலத்தது, பிறகு தண்ணீர். கண்ணாடிப் போத்தலுக்குள் இது மிக அழகாக நடக்கிறது. ஆனால் அந்தத் திரவத்தின் விலை அழகாக இல்லை.

தோண்ட முடியாத ஆழத்தில் இருப்பதை என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். அல்பேர்ட்டாவில் எடுக்கக்கூடிய பிற்றுமினில் 80 சதவீதம் அப்படித்தான் ஆழத்தில் இருக்கிறது. ரொஜர் பட்லர் என்ற பொறியியலாளர் 1970களில் ஒரு வழி கண்டார். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்து மீற்றர் இடைவெளியில் இரண்டு கிடைக்குழாய்கள். மேல் குழாயால் நீராவி போகிறது, புட்டு அவிப்பது போல மணல் அங்கேயே அவிகிறது, இளகிய பிற்றுமின் கீழ்க் குழாய்க்கு வடிகிறது. இப்போது நீராவியோடு கொஞ்சம் புரொப்பேன், பியூற்றேன் போன்ற கரைப்பானையும் சேர்த்து அனுப்பிப் பார்க்கிறார்கள். அதனால் நீராவி குறைவாகத் தேவைப்படுகிறது.

இனி அந்தத் துணி.

தோண்டிக் கழுவும் ஆலைகளில் பாவித்த தண்ணீரின் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறார்கள். ஆனால் கழுவிய சேறு எங்காவது போக வேண்டும். அணை கட்டிக் குளமாகத் தேக்குகிறார்கள். மணல் உடனே படிந்துவிடும். நடுவில் நிற்கும் களி என்று சொன்னேனே, அது படியாது. சில வருடங்களில் தயிர்ப் பதத்துக்கு வரும், மூன்றில் ஒரு பங்கு அளவு களி, மிச்சம் தண்ணீர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அப்படியே நிற்கும். எரிசோடாவும் இதற்கு ஒரு காரணம். பிற்றுமினைக் கழற்றிவிட்ட அதே காரம், களித் துகள்களையும் ஒன்றோடு ஒன்று ஒட்ட விடாமல் தள்ளி வைக்கிறது. முன்பு நன்மை செய்த அந்தச் சவர்க்கார அமிலங்களும் தண்ணீரில் தங்கிவிடுகின்றன. மீனுக்கு அவை நஞ்சு.

கலங்கல் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரைத்து விடுவார்கள், பானைத் தண்ணீர் தெளியும். அந்தக் கொட்டையின் வேலை துகள்களைக் கூட்டம் சேர்த்துத் தாழ வைப்பது. கனடாவிலும் அதையேதான் செய்கிறார்கள், கொட்டைக்குப் பதில் ஜிப்சமும் பொலிமர் எனப்படும் பல்பகுதியமும். ஆனால் இது பானை அல்ல. அல்பேர்ட்டாவின் கழிவுக்குளங்கள் எல்லாவற்றிலும் தேங்கியிருக்கும் சேற்று நீர் 100 கோடி கனமீற்றருக்கு மேல். இலங்கையிலேயே பெரிய குளம் அம்பாறையில் இங்கினியாகலையில் இருக்கும் சேனநாயக்க சமுத்திரம். அது முட்ட நிறைந்தால் 95 கோடி கனமீற்றர். அதைத் தயிர் போன்ற சேற்றால் நிரப்பினாலும் கழிவு மிஞ்சும்.

குளம் என்றால் பறவை வரும். 2008 ஏப்ரலில், சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடந்த நேரம், அப்படி ஒரு குளத்தில் காட்டு வாத்துக் கூட்டம் இறங்கியது. மேலே மிதந்த பிற்றுமின் இறகில் ஒட்டி 1,600 வாத்துகள் வரை செத்தன. வழக்கு நடந்து ஆலைக்கு 30 இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது. குளங்களில் பறவை இறங்காமல் காவல் வைப்பது அங்கே கட்டாயமான வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிலுவிலுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டு முற்றத்தில் இருந்தபடி மருமகனோடு வீடியோவில் கதைத்தோம். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். சாம்பல் நிறத்தில் கரை தெரியாத தண்ணீர், நடுவில் தெப்பத்தில் நிறுத்திய பொம்மைகள், செம்மஞ்சள் உடுப்பு மாட்டிக் கையை விரித்துக்கொண்டு. இடைக்கிடை எங்கிருந்தோ டுமீல் என்று வெடிச்சத்தம். நம் பக்கம் யானைக்குப் போடுகிற வெடி மாதிரி, ஆனால் இயந்திரம் தானாக வெடிக்கிறதாம்.

“இஞ்சயும் வெருளி வச்சிருக்கிறாங்க அம்மா, பாத்தீங்களா?” என்றான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார். “வயல் ஒண்டையும் காணல்லயே மனே. குருவி வந்தா வரட்டன், தண்ணியக் குடிச்சிட்டுப் போகும்.”

“குடிக்கப்படாதம்மா” என்றான் அவன். “அதுக்குத்தான் வெருளி.”